கண் இமை ஏன் முதலில் விழுகிறது? பாம்புக்கடி காட்டித்தரும் நரம்பு, குருதி, நிர்ப்பீடனம்

பெரும்போக வேளாண்மை வெட்டுக்குக் கிட்டிய காலம். மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில், வட்டை எனப்படும் வயல்வெளி ஒன்றில் காவலுக்குப் போன ஒருவர் வாடித் (காவற்குடில்) தரையில் பன்பாயை விரித்துப் படுக்கிறார். நடுச்சாமத்தில் விரலில் எறும்பு கடித்தது போல ஒரு சுருக். தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுகிறார். விடியப்புறம் வயிற்றுவலி, ஒரு தரம் வாந்தி. எழுந்து உட்காருகிறார், ஆனால் கண் திறபடவில்லை. தூக்கக் கலக்கம் என்று பக்கத்தில் இருப்பவர் நினைக்கிறார். தலையைப் பின்னுக்குச் சாய்த்து, பாதி மூடிய இமைக்குக் கீழால் எட்டிப் பார்ப்பது போலப் பார்க்கிறார் அவர். கதைக்கும்போது மூக்கால் கதைப்பது போலக் குரல் மாறியிருக்கிறது. கையில் வீக்கமில்லை, இரத்தமில்லை. கடித்த அடையாளத்தைத் தேடினாலும் சில வேளை கிடைக்காது.

இது எட்டடி விரியன் (கட்டுவிரியன்) கடியின் வழக்கமான தோற்றம். மட்டக்களப்பு, அம்பாறை வயற்புறங்களில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைக்கும் வயலில் வேலை செய்பவருக்கும் இதைவிடப் பயனுள்ள பாடம் ஒன்று இருக்குமென்று தோன்றவில்லை. பாம்பு விசத்தில் இருப்பது பல புரதங்களின் கலவை. ஒவ்வொரு புரதமும் உடலில் ஒரு குறித்த இடத்தில்தான் வேலை செய்யும். எந்த இடம் பழுதானது என்று தெரிந்தால், என்ன அறிகுறி வரும், எந்த மருந்து உதவும், எது உதவாது, எவ்வளவு நேரம் கையில் இருக்கிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

நரம்பும் தசையும் சந்திக்கும் இடம்

கையைத் தூக்க நினைக்கிறீர்கள். மூளையிலிருந்து புறப்பட்ட கணத்தாக்கம் என்ற நரம்புச் சைகை முண்ணாண் வழியே வந்து, இயக்க நரம்பில் செக்கனுக்குச் சுமார் 50 மீற்றர் வேகத்தில் ஓடுகிறது. முதுகிலிருந்து கால்விரல் வரை போக ஒரு செக்கனின் ஐம்பதில் ஒரு பங்கு போதும். இதுவரை எல்லாம் மின்சாரம்.

ஆனால் நரம்பு தசையைத் தொடுவதில்லை. நரம்பின் முனைக்கும் தசைநாருக்கும் நடுவில் ஒரு மில்லிமீற்றரின் இருபதாயிரத்தில் ஒரு பங்கு அளவான இடைவெளி உண்டு. மின்சாரம் அதைத் தாண்டாது. நரம்பு முனைக்குள்ளே மிக நுண்ணிய பைகள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு பையிலும் அசற்றைல்கோலின் என்ற இரசாயனத்தின் பல ஆயிரம் மூலக்கூறுகள். கணத்தாக்கம் வந்து சேர்ந்ததும் கல்சியம் உள்ளே புகுகிறது, பைகள் முனைச் சுவரோடு ஒட்டி வெடித்து அசற்றைல்கோலினை இடைவெளிக்குள் கொட்டுகின்றன. அது எதிர்ப்புறத்தில் தசையிலுள்ள வாங்கிகளில் பொருந்தியதும் தசை சுருங்குகிறது.

சுருங்கிய தசை தளரவும் வேண்டும். அதற்காக அதே இடைவெளியில் ஒரு நொதியம் காத்திருக்கிறது. அசற்றைல்கோலினை ஒரு மில்லிசெக்கன் அளவிலேயே அது வெட்டித் தள்ளிவிடும். ஆகவே இந்த ஒரு சந்தியில் மூன்று உறுப்புகள்: கொட்டும் பை, வாங்கும் வாங்கி, துப்புரவாக்கும் நொதியம். மூன்றில் எது கெட்டாலும் கெடுதி வெவ்வேறு விதமாகத் தெரியும்.

நல்லபாம்பின் நரம்பு விசம் வாங்கியில் போய் உட்காருகிறது. நரம்பு ஒழுங்காகக் கொட்டுகிறது, ஆனால் வாங்க ஆளில்லை. எட்டடி விரியனின் விசத்தில் மிக மோசமானது நரம்பு முனைக்குள் வேலை செய்கிறது. பைகளைக் காலியாக்கி, முனையையே சிதைத்துவிடுகிறது. வாங்கி நன்றாகத்தான் இருக்கிறது, கொட்ட ஆளில்லை.

இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் படிக்கிற விடயமாகத் தோன்றலாம். கட்டிலருகே நின்றால் அதன் பாரம் விளங்கும். வாங்கியில் உட்கார்ந்த விசத்தை விசமுறிவு மருந்து இழுத்தெடுக்க ஓரளவு வாய்ப்புண்டு. துப்புரவு நொதியத்தைத் தற்காலிகமாக அடக்கும் நியோஸ்டிக்மின் ஊசியும் உதவலாம். அசற்றைல்கோலின் கூடுதல் நேரம் தங்கினால் மிஞ்சிய வாங்கிகளைத் தேடிப் பிடிக்கும். எட்டடி விரியனில் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. முனை சிதைந்துவிட்டதென்றால் மருந்து அதை ஒட்டவைக்காது. உடல் புதிய முனையை வளர்த்தெடுக்க வேண்டும், அதற்கு நாட்கள், சில வேளை வாரங்கள் பிடிக்கும். அதுவரை மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரத்தின் துணை சரியாகக் கிடைத்தால் இவர்களில் பெரும்பாலானோர் நடந்து வீட்டுக்குப் போகிறார்கள்.

வயலுக்கு மருந்தடிப்பவர்களுக்கு இதே சந்தியின் இன்னொரு பழுதும் தெரிந்திருக்கும். சில பூச்சிகொல்லிகள், முக்கியமாக ஓகனோபொஸ்பேற்று வகை, துப்புரவு நொதியத்தை முடக்குகின்றன. அசற்றைல்கோலின் தேங்குகிறது. எச்சில் ஒழுகும், வியர்வை கொட்டும், தசை துடிக்கும், கண்மணி ஊசிமுனை அளவுக்குச் சுருங்கும். எட்டடி விரியன் கடியில் கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்கலாம். ஒரே சந்தியில் ஒன்று பெருக்கு, மற்றது வரட்சி.

இமையிலிருந்து கீழே

ஏன் இமை முதலில்? விழித்திருக்கும் நேரமெல்லாம் இமையைத் தூக்கிப் பிடிக்கும் தசையும் கண்ணை அசைக்கும் தசைகளும் ஓயாமல் வேலை செய்பவை. அவற்றில் மிச்சம் பிடித்து வைத்த கையிருப்புக் குறைவு. அசற்றைல்கோலின் சிறிது குறைந்தாலும் முதலில் காட்டிக்கொடுப்பவை அவைதான். அடுத்து முகம், நாக்கு, தொண்டை, கழுத்து. நெஞ்சுக்குக் கீழுள்ள பிரிமென்றகடு கையிருப்பு அதிகமுள்ள தசை என்பதால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அது சோரும்போது மூச்சு நிற்கிறது. இந்த மேலிருந்து கீழான வரிசைதான் நமக்குக் கிடைக்கும் எச்சரிக்கை மணி.

வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய மூன்று சோதனைகள் உண்டு. முதலாவது, தலையை அசைக்காமல் மேலே பார்க்கச் சொல்லி, இமை கண்மணிக்கு மேலே போகிறதா என்று பார்ப்பது. நெற்றியைச் சுருக்கிப் புருவத்தால் இமையைத் தூக்கப் பார்க்கிறார் என்றால் இமைத் தசை தோற்றுவிட்டது என்று அர்த்தம். இரண்டாவது, மல்லாந்து படுத்தபடி தலையை மட்டும் தலையணையிலிருந்து தூக்கி ஐந்து செக்கன் பிடிக்கச் சொல்வது. மூன்றாவது, ஒரு மூச்சை இழுத்து அதே மூச்சில் ஒன்று, இரண்டு என எண்ணச் சொல்வது. முதலில் 25 வரை எண்ணியவர் அரை மணி நேரத்தில் 15இல் நின்றால், நெஞ்சு பலவீனமாகிறது. எண்ணையும் நேரத்தையும் ஒரு கடதாசியில் எழுதி ஆஸ்பத்திரியில் கொடுங்கள். வைத்தியருக்கு அது மிகப் பெறுமதியான தகவல். ஆனால் இந்தச் சோதனைகள் வாகனம் வரும்வரைக்கும், வாகனத்துக்குள்ளும் செய்வதற்கு. சோதனை சரியாக இருக்கிறதே என்று வீட்டில் இருந்துவிடக் கூடாது. கடித்துப் பல மணி நேரம் கழித்துக்கூட எட்டடி விரியனின் விசம் முகம் காட்டும். பெயரைக் கேட்டால் எட்டடி வைப்பதற்குள் உயிர் போகும் என்று தோன்றும். உண்மையில் மணிக்கணக்கு இருக்கிறது, அந்த மணிகளைத்தான் நாம் வீணாக்குகிறோம்.

இங்கே ஒரு வேண்டுகோள். தசைகள் எல்லாம் சோர்ந்து, இமை மூடி, கண்மணி விரிந்து, கை கால் அசையாமல் கிடப்பவரைப் பார்த்து "முடிஞ்சுது" என்று பக்கத்தில் நின்று கதைக்காதீர்கள். விசத்தின் பெரிய புரதங்கள் குருதியிலிருந்து மூளைக்குள் இலகுவில் நுழைவதில்லை. இருதயத்துக்கும் இந்தச் சந்தி தேவையில்லை, அது தானாகவே துடிக்கும். ஆகவே பலவேளை அவருக்கு எல்லாம் கேட்கும். பதில் சொல்லத்தான் தசையில்லை. மூச்சுக் குழாயும் மருந்தும் கிடைத்தால் எழுந்து வரக்கூடியவர் அவர்.

தொண்டைத் தசை சோர்ந்தால் எச்சில்கூட விழுங்க முடியாது, சுவாசப்பைக்குள் போகும். அதனால் தண்ணீர், தேத்தண்ணி, கசாயம், மாத்திரை எதுவும் வாயால் வேண்டாம். இடப்பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, எச்சில் வெளியே வடிய விடுங்கள்.

குருதி உறையாமல் போகும் விந்தை

புடையன் என்று இங்கே சொல்லும் கண்ணாடி விரியனின் கடி வேறு முகம். வரம்பில் நடக்கும்போது, வைக்கோல் அள்ளும்போது, பெரும்பாலும் காலில். உடனே கடும் வலி, சில நிமிடங்களில் வீக்கம் தொடங்கிக் காலில் மேலே ஏறும். பிறகு பல்முரசிலிருந்து இரத்தம், ஊசி போட்ட இடத்திலிருந்து நிற்காத கசிவு, சிவந்த அல்லது கறுத்த சிறுநீர்.

"விசம் இரத்தத்தைத் தண்ணியாக்கிப்போட்டுது" என்று சொல்வார்கள். நடப்பது அதற்கு நேர்மாறாகத் தொடங்குகிறது. காயம் பட்டால் குருதியிலுள்ள உறைதற் காரணிகள் ஒன்றையொன்று வரிசையாக எழுப்பிவிடும். கடைசியில் பைபிரினோசன் என்ற கரைந்த புரதம் பைபிரின் என்ற நூலாக மாறி வலை பின்னும். அந்த வலைதான் கட்டி. புடையன் விசம் இந்த வரிசையின் நடுவில், 5ஆம், 10ஆம் காரணிகளைக் காயம் எதுவும் இல்லாமலே எழுப்பிவிடுகிறது. உடல் முழுக்கக் குருதியில் சின்னச் சின்ன வலைகள் பின்னப்பட்டுக்கொண்டே இருக்கின்றன. கொஞ்ச நேரத்தில் பைபிரினோசன் தீர்ந்துபோகிறது. யாரோ இரவிரவாகக் குளத்துக் கதவைத் திறந்துவிட்டு, விடிய வயலுக்குத் தண்ணீர் தேவைப்படும்போது குளம் வற்றிக் கிடப்பது போல. அதன்பின் உண்மையான காயத்தை அடைக்க ஒன்றும் மிச்சமில்லை.

இதைக் கண்டறிய வைத்தியசாலையில் செய்யும் சோதனை அதன் எளிமைக்காகவே பாராட்டத்தக்கது. நாளத்திலிருந்து 2 மில்லிலீற்றர் அளவு குருதியை எடுத்து, புதிய, சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு ஒரே ஒரு முறை சரித்துப் பார்ப்பது. கட்டியாகி நின்றால் நல்லது. தண்ணீர் போல ஓடினால் குருதி உறையவில்லை, விசம் வேலை செய்கிறது.

எளிய சோதனை பிழைப்பதும் எளிய காரணங்களால்தான். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தால் நல்ல குருதியும் உறையாமல் இருக்கலாம், ஏனென்றால் உறைதலைத் தொடக்கிவிடுவது கண்ணாடியின் மேற்பரப்பு. சவர்க்காரத் தூள் போட்டுக் கழுவிய பழைய குழாயும் அதே பிழையைத் தரும். இடையில் எடுத்து எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் கெடும். உறவினர்கள் மேசையிலிருக்கும் குழாயைக் கையில் எடுத்துப் பார்ப்பதைத் தவிர்த்தாலே பெரிய உதவி.

விசமுறிவு மருந்து ஏறிய உடனே குருதி உறையத் தொடங்குமா? இல்லை. மருந்து விசத்தை அடக்குகிறது, அவ்வளவுதான். தீர்ந்துபோன பைபிரினோசனை ஈரல்தான் புதிதாகச் செய்ய வேண்டும். குளத்துக் கதவை மூடினாலும் தண்ணீர் சேர நேரம் வேண்டும் அல்லவா? அதனால்தான் 6 மணி நேரம் கழித்து அதே சோதனையைத் திரும்பச் செய்கிறார்கள். அப்போதும் ஓடினால், விசம் இன்னும் மிச்சமிருக்கிறது என்று கருதி மருந்தை மறுபடி கொடுப்பார்கள். "ஏன் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறீர்கள்" என்று தாதியிடம் கோபப்படுபவர்கள் இதை அறிந்திருந்தால் நல்லது.

இலங்கைப் புடையனுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது குருதியோடு நிற்பதில்லை, இமையையும் விழுத்தும். ஆகவே காலில் வீக்கமும் கண்ணில் சோர்வும் சேர்ந்து வந்தால் குழம்ப வேண்டியதில்லை.

சிறுநீரகம் ஏன் மாட்டிக்கொள்கிறது

இருதயம் அனுப்பும் குருதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒரு நாளில் வடிகட்டப்படும் திரவம் சுமார் 180 லீற்றர். அதில் பெரும்பகுதியைத் திரும்ப உறிஞ்சிவிட்டு ஒன்றரை லீற்றர் அளவைத்தான் சிறுநீராக விடுகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் பத்து இலட்சம் அளவிலான வடிகட்டும் அலகுகள், சிறுநீரகத்திகள். இவ்வளவு குருதி ஓடும் உறுப்பு, குருதி கெட்டால் தப்புமா? அமுக்கம் குறைவது, நுண்குழாய்களில் அந்தச் சின்ன வலைகள் சிக்குவது, சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் குழாய்களை அடைப்பது, எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வடிகட்டலை நிறுத்துகின்றன. புடையனோடு, மூக்கு மேல்நோக்கி நிமிர்ந்த சிறிய கோப்பி விரியனும் இதைச் செய்யும். சிங்களத்தில் குனகட்டுவா என்பது அதைத்தான்.

அளவுகோல் சிறுநீர்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிலீற்றருக்குக் குறைந்தால் கவலைப்பட வேண்டும். அதனால் வாட்டில் போத்தலில் அளந்து எழுதுவார்கள். அளக்காமல் கழிவறையில் விட்டுவிட்டால் கணக்கு கெட்டுவிடும், இதைப் பக்கத்தில் நிற்பவர் கவனிக்க வேண்டும். வலிக்கு டைக்குளோபெனக், அஸ்பிரின் போன்றவற்றை வீட்டிலிருந்து கொடுக்க வேண்டாம். ஒன்று சிறுநீரகத்துக்குப் பாரம், மற்றது குருதிச் சிறுதட்டுகளை முடக்கும். விழுங்கும் சக்தி நன்றாக இருந்தால் பனடோல் ஒன்றே போதும்.

கடன் வாங்கிய நிர்ப்பீடனம்

நம் உடம்பு அந்நியப் புரதத்தைக் கண்டால் அதைப் பிடித்து முடக்கும் பிறபொருளெதிரிகள் என்ற புரதங்களைச் செய்யும். முதல் தடவை சந்திக்கும்போது நல்ல அளவில் உருவாக ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். விசத்துக்கு ஒரு மணித்தியாலம் போதும். பந்தயத்தில் நாம் தோற்போம்.

இதற்கு விடை 1890களில் கிடைத்தது. பிரான்சிய விஞ்ஞானி அல்பேர் கல்மெற் உள்ளிட்டோர் விலங்கின் உடலில் பிறபொருளெதிரியை உருவாக்கி மனிதருக்குக் கொடுக்கலாம் என்று காட்டினார்கள். இன்றும் அடிப்படை அதுதான். குதிரைக்கு மிகச் சிறிய அளவில் விசத்தை ஏற்றி, மாதக்கணக்கில் அளவைக் கூட்டி, அதன் குருதி முதலுருவிலிருந்து பிறபொருளெதிரியைப் பிரித்து, வெட்டிச் சுத்திகரித்து, உறையவைத்து உலர்த்திய தூளாகக் குப்பியில் அடைக்கிறார்கள். ஒரு குப்பியை 10 மில்லிலீற்றர் கிருமியற்ற நீரில் கரைத்துச் சேலைனில் கலந்து ஏற்றுவார்கள். குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும், மெதுவாகச் சுழற்ற வேண்டும். பத்து இருபது குப்பி கரைக்க நேரம் பிடிப்பது இதனால்தான்.

இலங்கையில் பயன்படும் மருந்து இந்தியாவில் செய்யப்படுவது. நல்லபாம்பு, எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விசத்துக்கும் சேர்த்து ஆனது. குதிரைக்கு ஏற்றியது இந்தியப் பாம்புகளின் விசம். நம் பாம்பின் விசம் சற்று வேறுபடும், ஆகவே அளவு கூடத் தேவைப்படுகிறது. கோப்பி விரியன் அந்த நான்கில் இல்லை. அதன் கடிக்கு இந்த ஊசியால் பயனில்லை, ஒவ்வாமைதான் மிச்சமாகும். பாம்பைத் தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுக்க முடிந்தால் அது உதவுவது இதனால்தான். பிடிக்கப்போய் இரண்டாவது கடி வாங்க வேண்டாம். செத்த பாம்பின் தலையும் கடிக்கும்.

குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு குப்பிதான். பாம்பு குழந்தை என்று பார்த்து விசத்தைக் குறைப்பதில்லையே. உண்மையில் சிறிய உடலில் அதே விசம் கூடுதல் செறிவாக இருக்கும்.

இனி அடிக்கடி எழும் ஒரு மனக்குறை: "கொண்டுபோய்ச் சேர்த்தோம், ஊசி போடாமல் படுக்கவைத்திருக்கிறார்கள்." விசப்பாம்பு கடித்தும் விசம் ஏறாத கடிகள் பல உண்டு. மருந்தோ குதிரைப் புரதம். தேவையில்லாமல் கொடுத்தால் ஆபத்து மட்டும்தான். அதனால் அறிகுறி தென்படுகிறதா என்று பார்த்தபடி குறைந்தது 24 மணி நேரம் கண்காணிப்பில் வைக்கிறார்கள். அந்தக் காத்திருப்பும் வைத்தியம்தான்.

மருந்து ஏறத் தொடங்கிய முதல் சில நிமிடங்கள் மிக உன்னிப்பானவை. நம் நிர்ப்பீடனத் தொகுதிக்குக் குதிரைப் புரதமும் அந்நியன். தோல் அரிப்பு, தடிப்பு, இருமல், வாந்தி, மூச்சிழுப்பு, குருதியமுக்க வீழ்ச்சி வரலாம். உடனே சேலைனை நிறுத்தி, தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரீனலின் போடுவார்கள், பெரியவருக்கு 0.5 மில்லிகிராம். நிலைமை தேறியதும் மருந்தை மெதுவாக மறுபடி தொடங்குவார்கள். இதைக் கண்ட உறவினர்கள் "மருந்து ஒத்துவரவில்லை, வேண்டாம்" என்று நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவது உயிரை விலையாகக் கேட்கும் முடிவு. ஒவ்வாமையை அட்ரீனலின் அடக்கும். விசத்தை விசமுறிவு மருந்தைத் தவிர வேறெதுவும் அடக்காது. இலங்கையிலேயே ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு முன்பே சிறிய அளவு அட்ரீனலினைத் தோலுக்குக் கீழே போட்டால் கடுமையான ஒவ்வாமை நன்றாகக் குறைகிறது என்று காட்டியது. மருந்துக்கு முன் போடும் அந்தச் சின்ன ஊசியின் காரணம் அதுவே.

வயலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவில்

விசப் புரதங்கள் பெரியவை. கடித்த இடத்திலிருந்து அவற்றில் பல நிணநீர்க் குழாய்கள் வழியே போகின்றன. நிணநீருக்கு இருதயம் போலப் பம்பி கிடையாது. பக்கத்துத் தசை அசைந்தால்தான் அது தள்ளப்படும். ஆகவே கடிபட்ட காலை அசையவிடாமல், ஒரு பலகையோ மட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டிக் கிடத்துவது விசத்தின் வழியை மெதுவாக்கும். ஓடி வருவதும் சைக்கிள் மிதிப்பதும் அதற்கே பம்பியாகும்.

இறுக்கிக் கட்டுவது வேறு. தமனிக் குருதியும் நின்று இழையம் செத்துப்போகும், அவிழ்த்த நேரம் தேங்கிய விசம் ஒன்றாகப் பாயும். பிளேடால் கீறுவது, உறையாத குருதி உள்ளவருக்கு ஆபத்தான ஒழுக்கைத் திறந்துவிடுவது. விசக்கல் தோலின் மேலே ஒட்டும், உள்ளே நரம்பு முனைக்குப் போய்விட்டதை எடுக்காது. பரிசாரியாரிடம் (நாட்டு வைத்தியரிடம்) போவது பரம்பரை நம்பிக்கை, அதை இழிவாகப் பேச வேண்டிய தேவையில்லை. ஆனால் அவரிடம் மூச்சு இயந்திரம் இல்லை. மந்திரிக்க வேண்டுமென்றால் வாகனத்துக்குள் மந்திரிக்கலாம்.

மோதிரம், காப்பு, கால் சங்கிலி, கட்டிய நூல் எல்லாவற்றையும் வீக்கம் ஏறும் முன்பே கழற்றிவிடுங்கள். காயத்தைச் சுரண்டவும் வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள், கட்டணமில்லை. படுவான்கரையில் இருப்பவர்கள் ஒரு விடயத்தை வேளாண்மைக் காலம் தொடங்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்: இரவில் வாவியைக் கடக்க எந்தப் பாலம் கிட்ட, பாதை (வாவியைக் கடக்கும் மிதவைப் படகு) எத்தனை மணிவரை ஓடும், வாகனம் யாரிடம் உண்டு. மண்டூர்ப் பக்கத்தவருக்கும் வவுணதீவுப் பக்கத்தவருக்கும் இதற்கு விடை ஒன்றல்ல. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, களுவாஞ்சிகுடி, கல்முனை, அம்பாறை, இவற்றில் எது நேரத்தால் கிட்ட என்பதைப் பகலிலேயே ஒருமுறை கணக்குப் பார்த்துவிடலாம். வழியில் மூச்சு சோர்ந்தால் வாயோடு வாய் வைத்து ஊதுவதுகூட உயிரைத் தாங்கும். இருதயம் நன்றாகத்தான் துடிக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

தடுப்பதற்கு இரண்டு சாமான் போதும். வாடியில் தரையில் படுக்காமல் ஒரு தட்டியோ கட்டிலோ, அதற்கு மேல் ஓரத்தைப் பாய்க்குக் கீழே நன்றாகச் செருகிய நுளம்பு வலை. எட்டடி விரியன் இரவில் இரை தேடி வருகிறது, தரையில் உறங்குபவரின் கை அதன் வழியில் கிடக்கிறது. வரம்பில் இருட்டில் நடக்க டோர்ச்சும் மூடிய சப்பாத்தும்.

வீட்டுக்கு வந்த பின்

ஒருமுறை கடிபட்டுத் தேறியவருக்கு இனி விசம் ஏறாது என்பது தவறு. கடன் வாங்கிய பிறபொருளெதிரி சில வாரங்களில் கரைந்துவிடும். அதுமட்டுமல்ல, மருந்து ஏற்றி 5 முதல் 14 நாட்களுக்குள் சிலருக்குக் காய்ச்சல், மூட்டு நோ, தோலில் தடிப்பு, நிணநீர்க் கணு வீக்கம் வரும். உடல் அதற்குள் குதிரைப் புரதத்துக்கெதிராகத் தன் சொந்தப் பிறபொருளெதிரிகளைச் செய்து முடித்திருக்கும். இரண்டும் சேர்ந்து திரளாகி மூட்டிலும் தோலிலும் படிகின்றன. பாம்பின் விசம் மிச்சமிருந்து வேலை செய்கிறது என்று நினைத்து மறுபடி விசக்கடி வைத்தியம் தேட வேண்டாம். சில நாள் மாத்திரையில் அடங்கும். புடையனோ கோப்பி விரியனோ கடித்தவராயின், சிறுநீரகச் சோதனைக்குக் குறித்துக் கொடுத்த திகதியைத் தவறவிடவும் கூடாது. இரண்டுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, விடுவிக்கும்போது தந்த நோய் நிர்ணய அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். எந்தப் பாம்பு, எத்தனை குப்பி, எந்தத் திகதி என்பதெல்லாம் அதில்தான் எழுதியிருக்கும்.